பசுவுக்குக் கண்பட்ட வாரம்

முதல் மனிதனுக்குக் கை முளைத்த நாளிலிருந்து இன்றுவரை, அந்தக் கைகளைப் பார்த்து "தொடாதே" என்று சொன்னவர்களில் ஹத்தாபுக்கு ஈடாக ஒருவரும் பிறக்கவில்லை. சந்தேகம் இருந்தால் நிலாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அது மாடிக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்ததாம். பூமியை ஒருதரம் தொட்டுப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தபோது ஹத்தாப் முறைத்திருக்கிறார். அன்றைக்குப் பின்வாங்கியதுதான், இன்னும் அங்கேயே நிற்கிறது. கடல் கரையைத் தொட்ட கையோடு திரும்பி ஓடுவதும் அவருக்குப் பயந்துதான். அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் தூனிஸ் நகரத்து ஈக்கள்கூடக் கண்ணாடிமேல் உட்காருவதில்லை. ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

இதில் ஈ விஷயம் மட்டும் கொஞ்சம் மிகை. மற்றதைத் தொப்பிக் கடைத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ஹத்தாபுக்கு வயது ஐம்பத்தெட்டு. உயரம் அவ்வளவாக இல்லை. சிவப்புக் கம்பளித் தொப்பியை நாலு விரற்கடை தூக்கி வைத்து அதைச் சரிக்கட்டிக்கொள்வார். இருபத்திரண்டு வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தார். பொடிப்பொடிக் கற்களைப் பதித்துச் செய்த பழங்காலப் படங்கள் அங்கே தரையெல்லாம், சுவரெல்லாம். மீன், திராட்சைக்குலை, இன்னும் கொஞ்சம் மீன். யாராவது கையை நீட்டினால் ஹத்தாப் தன் வலக்கையின் ஐந்து விரலையும் விரித்து முகத்துக்கு நேரே காட்டுவார். "தொடாதீங்க" என்பார். ஒரு நாளைக்கு முந்நூறு முறை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அது நிற்காது. கல்யாண விருந்தில் குஸ்குஸ் தாம்பாளத்துக்குக் கை நீட்டிய மாப்பிள்ளையிடம் ஒருதரம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அன்று பட்டினியாகவே மணமுடித்தான்.

அந்த வேலை போனதும் இதனால்தான். உடைந்த படங்களைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கல்லைத் தொட்டுத்தான் அவர் ஒட்ட வேண்டும். ஹத்தாப் விடவில்லை. மூன்று நாள் அந்த மனிதர் கையில் பசையோடு நின்றார், ஹத்தாப் எதிரே ஐந்து விரலோடு நின்றார். நான்காம் நாள் ஹத்தாபுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது.

மாற்றிய இடத்தில்தான் மேலதிகாரிகளின் குறும்பு தெரிந்தது. தொப்பிக் கடைத் தெருவின் கோடியில், பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் கலைக்கூடம் திறந்திருந்தார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பொருள். அதை எல்லோரும் தொட வேண்டும். தொடாவிட்டால் அது வேலையே செய்யாது.

செய்தவள் பெயர் ஸெலிமா. ஸ்ஃபாக்ஸ் ஊர்ப் பெண், கடல் தாண்டிப் படித்துவிட்டு வந்தவள், சட்டைப்பையில் எப்போதும் திருப்புளி வைத்திருப்பாள். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பி அதன்மேல் மெத்தென்று கம்பளி போர்த்தியிருந்தாள். உள்ளங்கையை வைத்தால் கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு வெதுவெதுப்பு வரும், விளக்குகள் மெல்ல நிறம் மாறும், சுவர் தொண்டைக்குள்ளிருந்து முனகும். கீழே அதற்கு ஒரு மூக்கும் உண்டு. பக்கத்தில் காப்பி கொண்டுபோனால் குஷியாகிவிடும். ஒரு முனையில் இருக்கும் ஒலிவாங்கியில் பேசினால் மறுமுனையில் கை வைத்திருப்பவரின் உள்ளங்கையில் அந்தப் பேச்சு அதிர்வாகப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உச்சியில் ஒரு கேமரா. கண்ணால் கேட்கலாம், கையால் கேட்கலாம் என்று ஸெலிமா ஏதேதோ விளக்குவாள். அவள் அதற்கு வைத்த பெயர் "கேட்கும் தோல்". அது முனகுகிற முனகலைக் கேட்டுவிட்டுத் தெரு வைத்த பெயர் "பசு".

முதல் நாள் ஹத்தாப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆள் வந்து கையை நீட்டும். இவர் வாய் "தொடா" வரைக்கும் போய்விடும். ஸெலிமா தூரத்திலிருந்து பார்ப்பாள். இவர் மீதியை விழுங்கிவிட்டு "தொட்டுக்கங்க, ஆனா பாத்து" என்பார். ஒரு கிழவரிடம் கைகழுவிவிட்டு வரச் சொன்னார். வந்தவரிடம் நகத்தையும் காட்டச் சொன்னார். இரண்டு வாரத்தில் அடங்கினார். பிறகு யாருமில்லாத நேரத்தில் அவரே போய் ஒரு கையை வைக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடமாக எதையும் தொடாத கை. பசு முனகும். இவரும் பதிலுக்கு முனகுவார்.

அப்படி ஒருநாள் அவர் ஒலிவாங்கிப் பக்கம் சாய்ந்து ஒரு பழைய கல்யாணப் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஸெலிமா காதை முழுக்க மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, சுவரில் கை வைத்து ஏதோ சோதித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று "ஹத்தாப் சித்தப்பா, தாளம் தப்புது" என்றாள். காதில் ஒன்றும் விழாதவள் கையால் கேட்டுச் சொல்கிறாள். ஹத்தாப் பாட்டை நிறுத்திவிட்டார். அவருக்கு நஸீஹா நினைவு வந்துவிட்டது.

நஸீஹா அவர் மனைவி. கல்யாண வீடுகளில் தர்புக்கா கொட்டினவள். அவள் மடியில் அந்த மண்குடத்து மேளம் ஏறிவிட்டால் மணப்பெண்ணின் மாமியாரே எழுந்து ஆடிவிடுவாள் என்று பெயர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். ஒரு காதுக்கருவி வாங்கினார்கள். அது விசிலடித்த விசிலைப் பக்கத்து வீட்டுக் கிளி கற்றுக்கொண்டதே தவிர வேறு பயன் இல்லை. இனி வைத்தியம் என்று யாரும் தன்னிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று நஸீஹா சொல்லிவிட்டாள். அவள் ஊருக்கே கேட்கும்படி பேசுவாள், ஹத்தாப் கையால் பதில் சொல்வார். அந்த வீட்டில் சண்டை வந்தால் பாதிதான் வெளியே கேட்கும். பேச்சை முடிக்க வேண்டுமென்றால் நஸீஹா ஐந்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டுவாள். அதற்கு மேல் ஹத்தாபின் கைகள் பேசாது. இந்த ஒரு சைகை மட்டும் அவரிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது.

அன்று மத்தியானமே வீட்டுக்கு ஓடி அவளுக்குப் பசுவைப் பற்றிச் சொல்ல முயன்றார். கொம்பு இல்லை என்று காட்டினார், கம்பளி என்று காட்டினார், தடவிக் காட்டினார். கொம்பில்லாத செம்மறியாடு வாங்கப்போகிறார் என்று நஸீஹா புரிந்துகொண்டாள். வீட்டில் இடமில்லை என்றாள். பிறகு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: ஒரு எந்திரம், கை வைத்தால் பாட்டுக் கேட்கும். எந்திரம் என்ற சொல்லைப் படித்த உடனே ஐந்து விரல் எழுந்தது. மறுநாளும் கேட்டார், மறுநாளும் எழுந்தது. பசு எங்கே போய்விடப் போகிறது, அவள் மனது மாறும்போது மாறட்டும் என்று ஹத்தாப் விட்டுப்பிடித்தார்.

பசு போனாலும் போகும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் கடிதம் வந்தது. கலைச் சங்கத்திலிருந்து மூன்று பேர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்கள். சுவர் ஒழுங்காக ஓடினால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் கழற்றி ஸ்ஃபாக்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது, என்ன கவலை, இதுவரை மூடிவைத்திருந்த கேமராவைக்கூட இன்றைக்குத் திறந்துவிட்டேன் என்று ஸெலிமா சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் எதிர்க்கடைத் தொப்பிக்காரர் முக்தாத் உள்ளே வந்தார். கை வைத்தார், பசு முனகியது, விளக்கெல்லாம் மாதுளை நிறமானது. இரண்டடி பின்னால் வந்து நின்று ரசித்தார்.

"அடேயப்பா, என்ன அழகு. கண்ணு படாம இருக்கணும். அஞ்சு, அஞ்சு" என்று, கண்ணேறு கழிய அந்த ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி, ஐந்து விரலையும் விரித்து அதன் முன்னால் ஆட்டினார்.

பசு செத்துப்போனது. விளக்கில்லை, முனகலில்லை, வெதுவெதுப்பில்லை. மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே மூச்சு வந்தது. அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள். அவளும் அழகென்றாள், அவளும் அஞ்சு என்றாள், மறுபடியும் செத்தது. அன்று மட்டும் பதினோரு முறை. ஒவ்வொரு முறை அது எழும்போதும் ஹத்தாபே நெஞ்சு நிறைந்துபோய் "என் தங்கத்துக்கு யார் கண்ணும் படக்கூடாது" என்று விரலை விரிப்பார். அது மறுபடி படுத்துவிடும்.

ஸெலிமா திருப்புளியோடு சுவருக்கு அடியில் புகுந்தாள். கடல் தாண்டி இருக்கும்போது ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய சுவர் அது. அங்கே இருப்பவர்கள் நன்றாக இருக்கிறதென்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்களாம். சுவருக்கு மூளை எழுதிக்கொடுத்த நண்பனுக்குப் போன் போட்டாள். அவன் விடுமுறையில் ஏதோ மலை ஏறிக்கொண்டிருந்தான். கையேட்டைப் பார் என்றான், இணைப்பு அறுந்தது. கையேடு முழுக்க ஜெர்மன். அவள் கையேட்டை மூடிவிட்டுத் திருப்புளியையே நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை கூடம் விடுமுறை. ஹத்தாப் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனார். ஸெலிமா ஏதோ உதிரிப்பொருளை வாங்கத் துறைமுகத்துக்குப் போனாள். கதவைப் பூட்டிச் சாவியை வழக்கம்போல மூலைக் காப்பிக் கடையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றும் நிலைமை ரொம்ப மோசம். பசு ஒன்பது முறை செத்தது. ஐந்தாவது முறை சாகும்போது கன்றுக்குட்டி மாதிரி கத்தியது. ஒன்பதாவது முறை விளக்கெல்லாம் ஊதா நிறமாகி, கொட்டாவி விடுகிற மாதிரி மெல்ல அணைந்தது.

புதன்கிழமை ஹத்தாப் ஒரு பக்கக் கன்னம் வீங்கியபடி வந்தார். உதிரிப்பொருளை மாட்டியும் பசு சாவதை நிறுத்தவில்லை. இது கம்பியில் வந்த கோளாறு இல்லை, கண்ணால் வந்த கோளாறு என்று அவர் முடிவுகட்டினார். ஊரே பார்த்துப் பார்த்து அழகு அழகு என்றால் எந்தப் பசுதான் தாங்கும்? முக்தாதும் அதே கட்சி. விரலுக்கு அடங்காத கண் என்றால் மீன்தான் கட்ட வேண்டும் என்றார் அவர். மீனுக்குப் பயப்படாத கண்ணே கிடையாதாம். இதைச் சொல்லும்போது தன் கடை வாசலில் தொங்கும் மீன்வாலைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கடையில் ஒரு வாரமாக வியாபாரம் இல்லை என்பதை யாரும் அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தவில்லை.

ஹத்தாப் மீன் சந்தைக்குப் போய் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனை வாங்கிவந்து, பசுவுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். பசுவுக்கு மூக்கு உண்டு என்பதை மறந்துவிட்டார். அது அப்படி ஒரு ஓலம் எடுத்தது, தெருவில் போன கழுதையே நின்று பதில் சொன்னது. மீன் வாசனைக்குப் பழைய நகரத்துப் பூனைகள் எட்டு வந்துசேர்ந்தன. மீன் எட்டவில்லை. ஆனால் கம்பளி அவற்றுக்குப் பிடித்துப்போனது. வெதுவெதுப்பாக இருக்கிறதே. எட்டும் சுவர் நெடுக முதுகைத் தேய்த்துக்கொண்டு போய்வந்தன. சொல்லக்கூடாது, அந்த ஒரு மணிநேரம் பசு எழுப்பிய இசை மாதிரி அதற்கு முன்னும் கேட்டதில்லை பின்னும் கேட்டதில்லை. பூனை எதுவும் பாராட்டவில்லை, அதனால் அது சாகவும் இல்லை. ஸெலிமா வந்து பார்த்துவிட்டு மீனையும் பூனைகளையும் வெளியே அனுப்பினாள். ஹத்தாபை அனுப்பாதது அவள் பெருந்தன்மை.

வியாழக்கிழமை ஹத்தாப் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தகரக் கொல்லரிடம் சொல்லிப் பெரிய கை ஒன்று வெட்டவைத்தார். ஐந்து விரலும் விரிந்த கை, ஒரு கதவு அகலம், உள்ளங்கையில் நீலத்தில் ஒரு கண். ஊரிலிருக்கும் எந்தக் கண்ணும் இதைத் தாண்டி வராது என்று கொல்லர் உறுதி கொடுத்தார். பசுவுக்கு நேர் எதிரே, அதன் கேமரா நன்றாகப் பார்க்கும் உயரத்தில், நாலு ஆணி அடித்து மாட்டினார்கள்.

பசு உடனே செத்தது. இந்தத் தடவை மூன்று நிமிடமாகியும் எழவில்லை. மூன்று மணிநேரமாகியும் எழவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. முக்தாத் ஹத்தாபின் தோளைத் தொட்டு, உங்களுக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்றார். லப்லாபிக் கடைக்காரர் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சூப்பு அனுப்பினார். ஹத்தாப் குடிக்கவில்லை. ஒரு பல் போன வாயை மூடிக்கொண்டு, செத்த சுவரில் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்ஃபாக்ஸ் இருநூற்றெழுபது கிலோமீட்டர். பக்கத்துத் தெருவுக்கே வராதவள் ஸ்ஃபாக்ஸுக்கு எங்கே வரப்போகிறாள்? வீட்டுக்குப் போய்க் கடைசியாக ஒருதரம் கேட்டார். கடைசியாக ஒருதரம் ஐந்து விரல் எழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை நஸீஹா வீட்டுக் கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடந்தது. நல்ல மனமும் அதைவிட நல்ல கையெழுத்தும் கொண்ட யாரோ ஒருவர் போட்டிருக்கிறார். அதில் இப்படி இருந்தது: "மரியாதைக்குரிய அம்மாவுக்கு. உங்கள் வீட்டுக்காரர் தொப்பிக் கடைத் தெருக் கோடியில், எல்லோர் கண் முன்னாலும், தினமும் ஒரு தோலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று பத்து மணிக்கு அதை ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். அவர் அழுதாலும் அழுவார். நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்."

பத்து மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நஸீஹா தெருவில் இறங்கினாள். தலைத்துணி ஒரு பக்கம் பறந்தது, ஒரு செருப்பு காலில் இருந்தது, மற்றது கையில் இருந்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். கூடத்துக்குள் சங்கத்து மூன்று பேரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், கோப்போடு ஓர் அம்மாள், போனிலிருந்து தலையெடுக்காத இளைஞர் ஒருவர். செத்த சுவருக்கு முன்னால் ஸெலிமா அவர்களுக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அவ?" என்றாள் நஸீஹா. கூடம் அதிர்ந்தது. கோப்பு அம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "இவளா?"

கோப்பு அம்மாள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஹத்தாப் குறுக்கே ஓடிவந்து இரண்டு கையாலும் பேசினார். இவள் இல்லை, அவள் இல்லை, ஆளே இல்லை, இது, இந்தச் சுவர், இதுதான் தோல், நான் சொன்ன எந்திரம், செத்துப்போய்விட்டது. நஸீஹா சீட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். அப்புறம் திரும்பி எதிரே இருந்த தகரக் கையைப் பார்த்தாள். அதையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏ மனுஷா, கதவு பெருசுக்கு ஒரு கையச் செஞ்சு அது மூஞ்சிக்கு நேரா வாயை மூடுன்னு காட்டி வெச்சிருக்க. அப்புறம் எப்படி அது பேசும்? நான் இத்தனூண்டு கையக் காட்டினாலே நீ ரெண்டு நாளைக்கு வாயத் திறக்கமாட்ட."

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும் புரியவைக்க நேரமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நாலு ஆணியையும் பிடுங்கித் தகரக் கையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். மூன்று நிமிடம் ஆனது. பசு முனகியது. விளக்கு ஒவ்வொன்றாக எழுந்து மாதுளை நிறத்துக்கு வந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அழகு என்றார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஐந்து விரலை விரித்தார்கள். செத்தது.

"பாத்தியா? நல்லா வளத்த புள்ள அது. வாயை மூடுன்னா மூடிக்குது" என்றாள் நஸீஹா. "எல்லாரும் கைய இறக்குங்க." இறங்காத கைகளை அவளே அடித்து இறக்கினாள். சங்கத்து வழுக்கைத் தலைக்காரரின் கையும் அதில் ஒன்று.

ஸெலிமா கையேட்டைத் தேடி எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஜெர்மன் எழுத்துக்கு நடுவே ஒரு படம் இருந்தது. விரித்த கை ஒன்று, அதன் பக்கத்தில் அணைந்த விளக்கு ஒன்று. ஆபத்து வந்தால் நிறுத்தச் சொல்லி அவள் நண்பன் வைத்த சைகை. கோடி கோடியாக மனிதர்கள் பார்த்தவுடன் அதைத்தான் காட்டுவார்கள் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மறுபடி மூச்சு வந்ததும் ஹத்தாப் நஸீஹாவின் இரண்டு கையையும் பிடித்துச் சுவரின் ஒரு முனையில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள், ஆனால் எடுக்கவில்லை. அவர் மறுமுனைக்கு ஓடி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். ஐந்து வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"தொடாதீங்க" என்றார்.

நஸீஹா தலையைச் சாய்த்து உள்ளங்கையைக் கேட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தொடாதீங்கன்னுதானே சொன்ன?"

ஹத்தாப் வாயைப் பிளந்தபடி தலையாட்டினார். எப்படித் தெரிந்தது என்று கையால் கேட்டார்.

"நீ தூக்கத்துல இதச் சொல்றப்போ கட்டிலு இப்படித்தான் அதிரும். தெனமும் அதிருது. காதா வேணும் அதுக்கு?" என்றாள். அதோடு விடவில்லை. விரல்களை மடக்கிச் சுவரில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பசு திருப்பி முனகியது. இன்னொரு தட்டு. பிறகு அவள் தர்புக்காவே மடியில் இருப்பதுபோல இரண்டு கையாலும் கொட்டத் தொடங்கிவிட்டாள். பசு தாளம் தப்பாமல் கத்தியது, முக்தாத் தோளைக் குலுக்கினார், இளைஞர் போனைச் சட்டைப்பையில் போட்டார், கோப்பு அம்மாள் கோப்பை ஜன்னலில் வைத்துவிட்டு இரண்டடி ஆடினாள். அதற்குப் பிறகு பசுவை ஸ்ஃபாக்ஸுக்கு அனுப்புகிற பேச்சை யார் எடுப்பது?

மலை ஏறிய நண்பன் இறங்கிவந்து சரிசெய்யும் வரைக்கும் வாசலில் ஒரு பலகை தொங்கும்: "பாராட்ட விரும்புவோர் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு 'மீன்' என்று மட்டும் சொல்லவும்." தினமும் காலையில் எட்டு மணிக்கு நஸீஹா வந்து ஒரு முனையில் கை வைப்பாள். ஹத்தாப் மறுமுனையில் பாடுவார். தாளம் தப்பினால் அவள் சுவரில் ஒரு அடி வைப்பாள், அது அவர் கையில் போய் விழும். அந்த அரைமணி நேரம் வேறு யாராவது உள்ளே நுழைந்தால் ஹத்தாப் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை.

பலகைக்குப் பக்கத்தில் ஹத்தாபின் வாழ்க்கை வரலாறும் தொங்க வேண்டும் என்று ஸெலிமா ஆசைப்பட்டாள். எழுதுகிற வேலை மூலைக் காப்பிக் கடை ஷிராஸிடம் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் ஒருவரையொருவர் விட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு ஆறு முறை காப்பித் தட்டோடு கூடத்துக்குள் போய்வருபவள், தெரியாத விஷயம் இல்லை. இதோ இதுவரைக்கும் எழுதிக்கொண்டுபோய் ஹத்தாபிடம் நீட்டினாள்.

ஹத்தாப் பசுவுக்கு முன்னாலேயே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிலா விஷயத்துக்கு ஆட்சேபணை சொல்லவில்லை. உயரம் வந்த இடத்தில் இருமினார். ஷிராஸ் கையிலிருந்த காப்பி வாசனைக்குப் பசு பின்னால் குஷியாக முனகிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

"செவ்வாக்கிழம நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன்" என்றார்.

"ஆமா சித்தப்பா."

"ஸெலிமாவும் இல்ல. கதவு பூட்டியிருந்துச்சு. சாவி உங்க கடை ஆணில தொங்குச்சு."

"தொங்குச்சு."

"அப்போ அஞ்சாவது தடவ கன்னுக்குட்டி மாதிரி கத்துனத யாரு கேட்டது?"

கதவு இடுக்கு வழியாகக் கேட்டிருக்கலாம் என்றாள் ஷிராஸ். பூனைகள் உள்ளே போயிருக்கலாம். எழுதுகிறவர்கள் நாலு இடத்தில் கற்பனை செய்வது வழக்கம்தான். அவர் அவளை நிறுத்தவில்லை, முழுக்கக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி உள்ளேயிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். நஸீஹா வீட்டுக் கதவுக்கடியில் கிடந்த சீட்டு. அதைப் பிரித்து வரலாற்றுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சீட்டில் 'தோல்' என்று அரபியில் எழுதியிருந்த இடத்தில் முதல் எழுத்துக்கு அடியில் வைக்க வேண்டிய ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்தார். வரலாற்றில் அதே சொல் வருகிற இடமெல்லாம் அதே புள்ளி விட்டுப்போயிருந்தது. அங்கேயும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார்.

"கையெழுத்து அழகுதான்" என்றார். "ஒம்பது தடவ கொன்னதும் இந்தக் கைதான், கடைசில ஆளக் கூட்டிட்டு வந்ததும் இந்தக் கைதான். முதல்ல சொன்னத ஒளிக்கிற, சரி, புரியுது. ரெண்டாவத ஏண்டி ஒளிச்ச, கழுதை?"

ஷிராஸ் வாயைத் திறந்தாள். ஹத்தாப் ஐந்து விரலையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

அவள் மூடிக்கொண்டாள். அவருக்குப் பின்னால் பசுவும் மூடிக்கொண்டது.